வானத்துக்குள் மறைந்திருந்த சிறுவன்: பழைய ஓவியம் ஒன்றின் உரிமை வரலாறு

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2023ஆம் ஆண்டில் ஓர் ஓவியத்தை வாங்கியது. ஏறக்குறைய 1837ஆம் ஆண்டில் வரையப்பட்ட அந்த ஓவியத்தில் நான்கு பிள்ளைகள் இருக்கின்றனர். மூவர் வெள்ளையர்கள், ஒருவன் கறுப்பினச் சிறுவன். அதே ஓவியம் 2005ஆம் ஆண்டில் ஏலத்துக்கு வந்தபோது அதில் மூன்று பிள்ளைகள்தான் தெரிந்தனர்.

நான்காவது சிறுவன் நின்ற இடத்தில் வானத்தைத் தீட்டி அவனை மறைத்துவிட்டிருந்தனர். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அந்த மேற்பூச்சு பூசப்பட்டிருக்க வேண்டும் எனக் கருதப்படுகிறது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அவன் அந்த வானத்துக்கு அடியிலேயே இருந்தான்.

அவனது உருவத்தை மீட்டது ஓவியப் பராமரிப்பு வல்லுநர்களின் பொறுமை. அவனது பெயரை மீட்டுத் தந்தவை பழைய கிரயப் பத்திரங்கள். அவன் பெயர் பெலிசேர். அந்த மூன்று பிள்ளைகளின் குடும்பம் விலை கொடுத்து வாங்கிய அடிமை.

ஒரு பழைய ஓவியத்தில் இருக்கும் பிள்ளை யார், அதை வரைந்தது யார், அது யார் யார் கைமாறி வந்தது என்பதை ஆய்வாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதற்கு பெலிசேரின் கதை தெளிவான எடுத்துக்காட்டு.

ஓவியத்தில் இருப்பது என்ன?

கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்ட இந்த ஓவியம் சுமார் 120 சென்டிமீட்டர் உயரமும் 92 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. லூசியானா மாநிலத்தின் இயற்கைக் காட்சி பின்னணியாக உள்ளது. முன்னால் எலிசபெத், லியோன்டின், ஃபிரெடரிக் என்ற மூன்று பிள்ளைகள். அவர்களுக்குச் சற்றுப் பின்னால், அவர்களைவிட உயரமாக, கைகளைக் கட்டியபடி மரத்தில் சாய்ந்து நிற்கிறான் பெலிசேர். அப்போது அவனுக்கு ஏறக்குறைய 15 வயது.

அக்கால ஓவியங்களில் அடிமைகள் இடம்பெற்றால், பெரும்பாலும் தட்டு ஏந்தியோ குதிரையைப் பிடித்துக்கொண்டோ எசமானரை நோக்கிப் பணிந்தோ காணப்படுவார்கள். பெலிசேர் அப்படி இல்லை. நல்ல மேலங்கி அணிந்து, தன் எண்ணத்தில் ஆழ்ந்தவனாக நிற்கிறான். மற்ற மூன்று பிள்ளைகளின் முகத்தைத் தீட்டிய அதே கவனத்தோடு அவன் முகமும் தீட்டப்பட்டிருக்கிறது.

இதை வரைந்தவர் ஷாக் அமான்ஸ் என்று கருதப்படுகிறது. 1801ஆம் ஆண்டு மாஸ்டிரிக்ட் நகரில் பிறந்த அவர், 1830களில் நியூ ஆர்லியன்ஸுக்கு வந்து அங்குள்ள செல்வந்தர்களின் உருவப்படங்களை வரைந்து பெயர் பெற்றார். பின்னர் பிரான்ஸ் திரும்பி, 1888ஆம் ஆண்டு பாரிசில் காலமானார்.

‘வரைந்தவர் இவர்’ என்பதற்கும் ‘இவர் வரைந்ததாகக் கருதப்படுகிறது’ என்பதற்கும் ஓவிய உலகில் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதற்குக் கையெழுத்தோ ரசீதோ கடிதமோ சான்றாக இருக்கும். பின்னது, தூரிகை ஓட்டம், வண்ணக் கலவை, முகம் தீட்டும் முறை ஆகியவற்றை அதே ஓவியரின் பிற படைப்புகளுடன் ஒப்பிட்டு வல்லுநர்கள் எடுக்கும் முடிவு. ‘இன்னாரின் வட்டத்தைச் சேர்ந்தவர்’, ‘இன்னாரின் பாணியில்’ என்ற சொற்கள் வந்தால், உறுதி இன்னும் குறைகிறது என்று பொருள். ஏலப் பட்டியலில் இந்தச் சிறு சொற்களே விலையைப் பல மடங்கு ஏற்றவும் இறக்கவும் செய்யும்.

கைமாறிய வழி

ஓர் ஓவியம் வரையப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை யாரிடம் இருந்தது, எப்போது, எப்படிக் கைமாறியது என்ற தொடர்ச்சியைத்தான் உரிமை வரலாறு என்கிறார்கள். ஆய்வாளர்கள் அதைப் பின்னாலிருந்து முன்னோக்கி, அதாவது இன்றைய உரிமையாளரிடம் தொடங்கி ஒவ்வொரு படியாகப் பழைய காலத்துக்குப் போய்த் தேடுவார்கள்.

இந்த ஓவியம் தலைமுறை தலைமுறையாக ஃபிரே குடும்பத்தின் வழித்தோன்றல்களிடம் இருந்தது. 1972ஆம் ஆண்டில் அவர்களில் ஒருவர் அதை நியூ ஆர்லியன்ஸ் கலை அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக வழங்கினார். அங்கே அது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிடங்கில் இருந்தது. உற்றுப் பார்த்தால் வானத்துக்குள் ஓர் உருவத்தின் நிழல் தெரிந்தபோதும், மேற்பூச்சு அகற்றப்படவில்லை. 2005ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பிலிருந்து விலக்கி, கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் வழியாக விற்றது. விலை சுமார் 7,000 அமெரிக்க டாலர்.

வாங்கியவர் ஓவியத்தைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். வானம் அகன்றது, சிறுவன் வெளிப்பட்டான். ஆனால், அவன் யார் என்று அப்போது எவருக்கும் தெரியாது.

லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரைச் சேர்ந்த கலைப்பொருள் சேகரிப்பாளர் ஜெரமி சிமியன், 2013ஆம் ஆண்டில் இணையத்தில் நான்கு பிள்ளைகள் கொண்ட படத்தைப் பார்த்தார். மேலும் தேடியபோது 2005ஆம் ஆண்டு ஏலப் பட்டியலில் இருந்த படம் கிடைத்தது. ஓவியம் ஒன்றுதான், ஆனால் அதில் மூவரே இருந்தனர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என்ன நடந்திருக்கிறது என்பது புலப்பட்டது.

அதன் பிறகு ஏலப் பதிவுகள், பழைய நிழற்படங்கள், பழம்பொருள் வணிகர்கள் எனப் பல ஆண்டுகள் தேடி, தனியார் ஒருவரிடம் இருந்த ஓவியத்தைக் கண்டுபிடித்து 2021ஆம் ஆண்டில் அவர் வாங்கினார். மீண்டும் ஒருமுறை அதைச் சீரமைக்க ஏற்பாடு செய்தார். சிறுவனின் அடையாளத்தைக் கண்டறிய, அடிமைகளின் வாழ்க்கையை ஆராயும் லூசியானா வரலாற்றாய்வாளர் கேட்டி மோர்லஸ் ஷானனின் உதவியை நாடினார்.

மேற்பூச்சைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓர் ஓவியத்தில் பிற்காலத்தில் ஏதேனும் சேர்க்கப்பட்டுள்ளதா, மறைக்கப்பட்டுள்ளதா என்பதை அறியச் சில வழிகள் உள்ளன.

முதலாவது, வெறும் கண்ணும் பூதக்கண்ணாடியும். பழைய எண்ணெய் ஓவியத்தில் காலப்போக்கில் மெல்லிய வெடிப்புகள் தோன்றும். வண்ணம் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தால், வெடிப்புகள் தோன்றிய பிறகே அது பூசப்பட்டது என்று பொருள். எண்ணெய் வண்ணம் ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே ஒளி ஊடுருவக்கூடியதாக மாறுவதும் உண்டு. மறைக்கப்பட்ட உருவங்கள் நிழலாக மேலெழுந்து தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, புறஊதா விளக்கு. பழைய வார்னிஷ் அந்த ஒளியில் பச்சை கலந்து மிளிரும். அதன்மேல் பிற்காலத்தில் தீட்டப்பட்ட இடங்கள் கருந்திட்டுகளாகத் தெரியும்.

மூன்றாவது, அகச்சிவப்புப் படமும் எக்ஸ்ரேயும். அகச்சிவப்பு ஒளி பல வண்ணங்களை ஊடுருவிச் சென்று, அடியில் கரியால் வரைந்த கோடுகளைக் காட்டும். ஈயம் கலந்த வெள்ளை வண்ணம் எக்ஸ்ரேயைத் தடுப்பதால், முகங்களும் வெண்ணிற ஆடைகளும் எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரியும்.

நான்காவது, வண்ணப்பொருளின் வயது. டைட்டானியம் வெள்ளை ஓவியர்களின் பயன்பாட்டுக்குப் பரவலாக வந்தது 1920களில்தான். 1837ஆம் ஆண்டு ஓவியம் என்று சொல்லப்படும் ஒன்றில் அது இருந்தால், அந்தப் பகுதியாவது பிற்காலத்தில் தீட்டப்பட்டதாக இருக்க வேண்டும்.

கண்டுபிடிப்பதைவிட அகற்றுவது கடினம். மூல ஓவியத்துக்கும் மேற்பூச்சுக்கும் இடையே பழைய வார்னிஷ் அடுக்கு இருந்தால், அது காப்பாக உதவும். வல்லுநர் மென்மையான கரைப்பானில் தோய்த்த பஞ்சைக் கொண்டு, சிறிது சிறிதாக மேல் அடுக்கை மட்டும் எடுப்பார். கரைப்பான் சற்றுக் கடுமையானால் அடியில் உள்ள முகமும் போய்விடும்.

ஓவியத்தின் பின்புறம் முன்புறத்தைவிட அதிகம் பேசும் என்பது இத்துறையினரின் அனுபவம். ஏல நிறுவனங்கள் அச்சிட்ட எண்கள், கண்காட்சிச் சீட்டுகள், சட்டம் செய்தவரின் முத்திரை, சேகரிப்பு எண், பென்சிலில் எழுதிய குடும்பப் பெயர் ஆகிய ஒவ்வொன்றும் உரிமைச் சங்கிலியின் ஒரு கண்ணி.

உடையை வைத்து முடிவு செய்வதில் எச்சரிக்கை வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்களில் சின்னஞ்சிறு ஆண்பிள்ளைகளுக்கும் கவுன்தான் அணிவித்தார்கள். பழைய ஓவியத்தில் கவுன் அணிந்த பிள்ளையெல்லாம் பெண்பிள்ளை என்று கொண்டால், குடும்பப் பதிவேட்டில் தவறான பெயரைத் தேட நேரும்.

பெயரைத் தந்த பத்திரங்கள்

ஓவியம் ஃபிரே குடும்பத்தின் வழியாக வந்தது என்பது உறுதியானதும், ஷானனுக்கு ஒரு தொடக்கப் புள்ளி கிடைத்தது. ஜெர்மனியில் பிறந்த ஃபிரெடரிக் ஃபிரே நியூ ஆர்லியன்ஸில் வணிகராகவும் வங்கியாளராகவும் இருந்தவர். அவருடைய மனைவி கொராலி. அவர்களின் பிள்ளைகளே ஓவியத்தில் இருப்பவர்கள்.

அடுத்து, அந்த வீட்டில் 1837ஆம் ஆண்டில் பதின்ம வயதுக் கறுப்பினச் சிறுவன் யார் இருந்தான் என்ற கேள்வி. அமெரிக்காவில் இப்படி ஒரு கேள்விக்கு விடை காண்பது எளிதன்று. 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனி ஏடு இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பாலினம், நிறம் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. விடுதலை பெற்ற மக்கள் அனைவரும் பெயரோடு பதிவான முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டில்தான் நடந்தது.

லூசியானாவில் மட்டும் ஒரு மாறுபாடு உண்டு. பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகளிலிருந்து வந்த அதன் சட்டமுறை, அடிமைகளை நிலம், வீடு போன்ற அசையாச் சொத்தாக வகைப்படுத்தியது. மனிதர்கள் எங்ஙனம் அசையாச் சொத்தாவார்கள் என்ற கேள்விக்கும் 1825ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு பதில் வைத்திருந்தது: இயல்பில் அசையும் சொத்து, சட்டத்தின் பார்வையில் அசையாச் சொத்து.

இதனால், வீட்டை விற்கும்போது பத்திரம் எழுதுவதைப் போலவே அடிமையை விற்கும்போதும் நோட்டரி முன்னிலையில் பத்திரம் எழுதப்பட்டது. விற்பவர், வாங்குபவர், விலை ஆகியவற்றோடு அடிமையின் பெயர், வயது, தோல் நிறம், தெரிந்த தொழில் ஆகியவையும் அதில் இடம்பெற்றன. நோய் உண்டா, திருடுவாரா, தப்பி ஓடுவாரா என்பவற்றைக்கூட ‘பொருளின் குறை’ எனக் கருதி எழுதினார்கள். அடிமையை அடமானம் வைத்துக் கடன் வாங்கினால் அதற்கொரு பத்திரம். உரிமையாளர் இறந்தால், நாற்காலி, மேசை, குதிரை ஆகியவற்றோடு அடிமைகளின் பெயரும் மதிப்பும் சேர்ந்த சொத்துப் பட்டியல். இந்தப் பத்திரங்கள் கோடிக்கணக்கான பக்கங்களாக நியூ ஆர்லியன்ஸ் நோட்டரி ஆவணக் காப்பகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

அத்தகைய ஆவணங்களில்தான் பெலிசேர் கிடைத்தான். 1822ஆம் ஆண்டு பிறந்தவன். 1828ஆம் ஆண்டில், ஆறு வயதில், தாய் சேலியுடன் ஃபிரே குடும்பத்துக்கு விற்கப்பட்டவன். ஓவியத்தில் உள்ள சிறுவனின் வயதும், வீட்டில் இருந்த மற்றவர்களின் விவரமும் அவனோடு பொருந்தின.

ஒரு சிறுவனை உடைமை என்று நிரூபிப்பதற்காக எழுதப்பட்ட தாள்கள், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவனுக்குத் தாயையும் பெயரையும் வயதையும் திரும்பத் தந்தன. அவனைச் சொத்தாகக் கருதியிருக்காவிட்டால் அந்தப் பத்திரங்கள் இருந்திருக்காது. இந்த ஆய்வில் ஓவியத்தின் உரிமை வரலாற்றையும், அதில் நிற்கும் பிள்ளையின் மீது பிறர் கொண்டாடிய ‘உரிமை’யின் வரலாற்றையும் சேர்த்தே தேட வேண்டியிருந்தது.

நால்வருக்கும் நேர்ந்தது

ஆவணங்கள் சொல்லும் செய்தி துயரமானது. ஓவியம் தீட்டப்பட்ட காலத்தை ஒட்டியே எலிசபெத்தும் லியோன்டினும் இறந்துவிட்டனர். காரணம் மஞ்சள் காய்ச்சலாக இருக்கலாம் என நம்பப்படுகிறது. சிங்கப்பூர், மலேசிய மக்கள் நன்கறிந்த ஏடிஸ் கொசுதான் அந்த நோயையும் பரப்புகிறது. 19ஆம் நூற்றாண்டில் நியூ ஆர்லியன்ஸை அது திரும்பத் திரும்பத் தாக்கியது. தம்பி ஃபிரெடரிக்கும் சில ஆண்டுகளில் இறந்தான். ஓவியத்தில் இருக்கும் நால்வரில் பெரியவனாக வளர்ந்தது பெலிசேர் மட்டுமே.

குடும்பத் தலைவர் ஃபிரே 1851ஆம் ஆண்டில் இறந்தார். 1856ஆம் ஆண்டில் கொராலி, தம் வீட்டில் ஆறு வயது முதல் வளர்ந்த பெலிசேரை எவர்கிரீன் என்ற கரும்புத் தோட்டத்துக்கு விற்றார். அப்போது அவருக்கு 34 வயது. நகரத்து வீட்டு வேலையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பப்படுவது எத்தகைய வீழ்ச்சி என்பதை, தோட்ட வாழ்க்கையை அறிந்த குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. லூசியானாவில் கரும்பு வெட்டும் பருவத்தில் ஆலைகள் இரவும் பகலும் ஓடின.

எவர்கிரீன் தோட்டம் இன்றும் இருக்கிறது. அடிமைகள் வாழ்ந்த 22 குடிசைகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. தோட்டத்தின் பதிவுகளில் பெலிசேரின் பெயர் 1861ஆம் ஆண்டுவரை காணப்படுகிறது. அந்த ஆண்டில் உள்நாட்டுப் போர் வெடித்தது. அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் வடக்குப் படையிடம் வீழ்ந்தது. பெலிசேரின் தடமும் அத்துடன் நின்றுவிடுகிறது.

ஏன் மறைத்தார்கள்?

இன்ன காரணத்தால் மறைத்தோம் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால், அது எத்தகைய காலம் என்பது வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1890ஆம் ஆண்டில் லூசியானா, ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனிப் பெட்டிகளைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்து நியூ ஆர்லியன்ஸின் ஹோமர் பிளெஸ்ஸி தொடுத்த வழக்கில், 1896ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினைக்குச் சட்ட ஒப்புதல் அளித்தது. ஒரே பெட்டியில் உட்காருவது குற்றமான காலத்தில், ஒரே ஓவியத்தில் நிற்பதும் வீட்டாருக்கு உறுத்தியிருக்கலாம்.

மறைத்தவர் சிறுவனைச் சுரண்டி எடுக்கவில்லை, மேலே வண்ணம் பூசினார். அதனால்தான் மீட்க முடிந்தது.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் இப்போது இந்த ஓவியத்துக்கு ‘பெலிசேரும் ஃபிரே பிள்ளைகளும்’ என்று பெயரிட்டிருக்கிறது. பெயரறிந்த கறுப்பினத்தவர் ஒருவர் அமெரிக்கத் தென்மாநிலக் காட்சியில் இயல்பான தோற்றத்தில் இடம்பெறும் உருவப்படம், அதன் அமெரிக்கக் கலைப் பிரிவுக்கு இதுவே முதலாவது.

உரிமை வரலாற்றில் விடுபட்ட ஆண்டுகள்

உரிமைச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டால் ஆய்வாளர்கள் அங்கே நின்றுவிடுவார்கள். ஐரோப்பிய ஓவியம் என்றால், 1933 முதல் 1945 வரையிலான ஆண்டுகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாஜிக்கள் யூதக் குடும்பங்களின் கலைப்பொருள்களைப் பறித்த காலம் அது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1880ஆம் ஆண்டில் வரைந்த சிறுமி ஐரீனின் படம் இதற்கு எடுத்துக்காட்டு. பாரிஸ் யூத வங்கியாளர் ஒருவரின் மகளான ஐரீனுக்கு அப்போது எட்டு வயது. 1941ஆம் ஆண்டில் நாஜிக்கள் அந்த ஓவியத்தைப் பறித்தனர். ஐரீனின் மகளும் மகள் குடும்பத்தாரும் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு உயிரிழந்தனர். போருக்குப் பிறகு 1946ஆம் ஆண்டில், எழுபது வயதைத் தாண்டிய ஐரீனிடம் அவருடைய குழந்தைப் பருவப் படம் திரும்பி வந்தது. மூன்று ஆண்டுகளில் அவர் அதை விற்றுவிட்டார். வாங்கியவர் எமில் பியூர்லே. நாஜி ஜெர்மனிக்கு ஆயுதம் விற்றுப் பொருள் சேர்த்த சுவிஸ் தொழிலதிபர்.

இந்தப் பிரச்சினை இந்த வட்டாரத்துக்கும் புதிதன்று. சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007ஆம் ஆண்டில் 650,000 அமெரிக்க டாலருக்கு வாங்கிய, 11ஆம் நூற்றாண்டு உமா பரமேஸ்வரி வெண்கலச் சிலை, தமிழ்நாட்டுக் கோவிலில் திருடப்பட்டது எனப் பின்னர் தெரியவந்தது. 2015ஆம் ஆண்டில் அது இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. விற்றவர் காட்டிய உரிமைத் தாள்கள் பொய்யானவை. ஒரு பழம்பொருளுக்குத் தாள்கள் இருந்தால் மட்டும் போதாது, அந்தத் தாள்கள் உண்மையானவையா என்பதையும் சரிபார்க்க வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

வீட்டில் இருக்கும் பழைய படத்துக்கு

பல வீடுகளில் தாத்தா, பாட்டி காலத்துக் குழந்தைப் படம் ஒன்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும், அல்லது அலமாரியின் அடியில் கிடக்கும். ஓவியமாக இருக்கலாம், கறுப்பு வெள்ளை நிழற்படத்தின்மேல் கையால் வண்ணம் தீட்டியதாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேறுபாடு தெரியும். முழுக்க ஓவியமென்றால் முகத்திலும் தூரிகைத் தடம் இருக்கும். நிழற்படமென்றால் வண்ணத்துக்கு அடியில் கண், உதடு, தலைமுடி ஆகியவை வழவழப்பாகத் துல்லியமாகத் தெரியும்.

அப்படத்தின் பிள்ளை யார் என்று அறிய விரும்புவோர், பெரிய ஆய்வாளர்கள் கையாளும் அதே வரிசையைப் பின்பற்றலாம்.

முதலில், படத்தின் முன்புறம், பின்புறம், சட்டத்தின் ஓரங்கள் அனைத்தையும் கைப்பேசியில் தெளிவாகப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். சட்டத்தைக் கழற்றுவது, ஈரத்துணியால் துடைப்பது, எண்ணெய் தடவுவது கூடாது. அழுக்கென்று நினைத்துத் துடைப்பது வண்ணமாகவோ வார்னிஷாகவோ இருக்கக்கூடும். கிழிந்த தாள் ஒட்டியிருந்தாலும் அதை உரித்துப் போடாமல் விட்டுவைக்க வேண்டும்.

இரண்டாவதாக, பின்புற முத்திரையைப் படிக்க வேண்டும். ஸ்டூடியோவின் பெயரும் தெருவும் இருந்தால் நல்லது. முகவரியில் உள்ள ஆட்சிப் பெயரே காலத்தைச் சொல்லும். ‘நீரிணைக் குடியேற்றங்கள்’ என்றிருந்தால் அது 1946ஆம் ஆண்டுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘சியோனான்’ என்றிருந்தால் 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆட்சிக் காலம். தொலைபேசி எண்ணில் இலக்கங்கள் குறையக் குறையப் படம் பழையது.

மூன்றாவதாக, மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். ‘இது யார்?’ என்று மட்டும் கேட்டால் ‘தெரியவில்லை’ என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். இந்தப் படம் முதலில் எந்த வீட்டில் மாட்டியிருந்தது, யார் இறந்தபோது யார் எடுத்துவந்தார்கள், ஊரிலிருந்து கப்பலில் வந்ததா, இங்கே எடுத்ததா என்று கேட்டால் நினைவு திரும்பும். அதுவே உரிமை வரலாறு. பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது நல்லது.

நான்காவதாக, கேட்டதைத் தாள்களோடு ஒப்பிட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பழைய கடப்பிதழ், பள்ளிப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல், கோவில் திருமணப் பதிவு ஆகியவை உதவும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம், மலேசியாவின் தேசிய ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் பழைய படங்களும் பதிவுகளும் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில், 1935ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களையும் தேடலாம். ஒரு ஸ்டூடியோ எந்த ஆண்டுகளில் விளம்பரம் செய்தது என்பது தெரிந்தாலே, படத்தின் காலம் ஓரளவு பிடிபடும்.

வயது, இடம், காலம் மூன்றும் ஒரே பிள்ளையைச் சுட்டினால்தான் பெயரை உறுதி செய்ய வேண்டும். சாயலை மட்டும் நம்பக்கூடாது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பது இயல்பு. சிறு வயதிலேயே இறந்த ஒரு பிள்ளையின் படம், பின்னாளில் பிழைத்து வளர்ந்த தம்பியின் படமாக நினைவில் மாறிவிடுவதும் உண்டு.

குடும்பப் படங்களில் வீட்டு வேலைக்கு இருந்தவர்கள், வளர்ப்புப் பிள்ளைகள், பக்கத்து வீட்டார் ஆகியோரும் ஓரமாக நிற்பார்கள். ‘இவர் நம் குடும்பம் இல்லை’ என்று அவர்களை விட்டுவிடாமல் அவர்களின் பெயரையும் கேட்டு எழுதிவைக்க வேண்டும். வேறொரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் ஒரே படம் அதுவாகக்கூட இருக்கலாம்.

கண்டறிந்த பெயர்களைப் படத்தின் மேலோ பின்புறத்திலோ பேனாவால் எழுதக்கூடாது. மை ஊறி முன்புறம் வந்துவிடும். தனித்தாளில் பெயர், பிறந்த ஆண்டு, யார் சொன்னது, எப்போது சொன்னது என்பவற்றை எழுதி, படத்தோடு சேர்த்து உறையில் வைக்கலாம். இன்னொரு படியைப் பிள்ளைகளிடம் கொடுத்து வைக்கலாம். வீட்டில் 80 வயதைத் தாண்டியவர் ஒருவர் இருந்தால், இந்த வேலையை இந்த வார இறுதியிலேயே தொடங்குவது நல்லது.